சோடியம் அயனி ஏன் நியான் இல்லை? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, நான் மேல்நிலை வகுப்பு மாணவன். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள் உள்ளன. ஒன்றை இழந்து அயனியானதும் 10 மிஞ்சுகின்றன. நியானிலும் 10 எலக்ட்ரான்கள்தாம். அவை கூடுகளில் நிரம்பியிருக்கும் முறையும் ஒன்றே. வேதிப் பண்புகளை எலக்ட்ரான்களே தீர்மானிக்கின்றன என்று பாடத்தில் படித்தோம். அப்படியானால் சோடியம் அயனியை நியான் என்று ஏன் சொல்வதில்லை?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கிறது. ஓர் அணு எத்தனை எலக்ட்ரான்களை வைத்துக்கொள்ளும், அவற்றை எவ்வளவு நெருக்கத்தில் வைத்திருக்கும், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும் என்பதையெல்லாம் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. சோடியம் அயனியின் 10 எலக்ட்ரான்களை 11 புரோட்டான்கள் இழுக்கின்றன. நியானின் 10 எலக்ட்ரான்களை 10 புரோட்டான்கள் இழுக்கின்றன. ஒரு புரோட்டான் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கலாம். நியானிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 21.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிற்றலகு) ஆற்றல் தேவை. சோடியம் அயனியிலிருந்து மேலும் ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 47.3 எலக்ட்ரான் வோல்ட், அதாவது இரு மடங்குக்கும் மேல், தேவைப்படுகிறது.

இதே 10 எலக்ட்ரான்களைக் கொண்ட அயனிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆக்சைடு அயனியில் புரோட்டான்கள் 8, ஃபுளூரைடில் 9, சோடியத்தில் 11, மெக்னீசியத்தில் 12, அலுமினியத்தில் 13. படிகங்களில் இவற்றின் ஆரம் முறையே சுமார் 140, 133, 102, 72, 54 பிக்கோமீட்டர். (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்.) எலக்ட்ரான்களின் எண்ணிக்கை எள்ளளவும் மாறவில்லை, உள்ளிருந்து இழுக்கும் புரோட்டான்கள் கூடக் கூட அதே எலக்ட்ரான் மண்டலம் சுருங்கிக்கொண்டே போகிறது. தவிர, நியானுக்கு நிகர மின்சுமை கிடையாது. சோடியம் அயனிக்கு ஒரு நேர்மின்சுமை உண்டு. உப்பு நீரில் கரைந்ததும் நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்பி ஒவ்வொரு சோடியம் அயனியையும் சூழ்ந்துகொள்கின்றன. நியானிடம் நீருக்கு அப்படிப்பட்ட ஈடுபாடு எதுவும் இல்லாததால் அது மிகக் குறைவாகவே கரைகிறது.

இழந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். உருகிய உப்பில் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்மின்வாயில் சோடியம் உலோகம்தான் சேர்கிறது. நியான் ஒருபோதும் வெளிப்படுவதில்லை. எலக்ட்ரான் போவதும் வருவதும் வேதியியலின் அன்றாட நிகழ்ச்சி. சோடியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரானை நீக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதன் அணுக்கருவிலிருந்து ஒரு புரோட்டானைப் பெயர்த்தெடுப்பதற்கோ ஏறத்தாழ 88 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எந்தத் தீயும் எந்த அமிலமும் இந்த அளவை எட்ட முடியாது. தனிமத்தின் பெயரைப் புரோட்டான் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்: வேதிவினைகளால் தொட முடியாத எண் அது.

சோடியம் உண்மையாகவே நியானாக மாறும் நிகழ்ச்சியும் உண்டு, ஆனால் அது எலக்ட்ரானை இழப்பதால் வருவதில்லை. ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணு வகைகளை ஐசோடோப்பு என்பார்கள். சோடியம் 22 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் அணுக்கருவில் ஒரு புரோட்டான், மின்சுமையற்ற நியூட்ரானாக மாறும்போது 11 என்பது 10 ஆகிறது. அந்தக் கணமே அது நியான். சோடியம் 22-இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 2.6 ஆண்டுகள்.

கேள்வி: மெண்டலீவ் தனிமங்களை அணு எடையின்படி வரிசைப்படுத்தினார். எடையைத் தராசில் நிறுத்துச் சொல்லலாம். புரோட்டானை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எடையைக் கைவிட்டுப் புரோட்டான் எண்ணிக்கையை அடையாளமாக ஏன் ஏற்றார்கள்?

பதில்: எடை மூன்று இடங்களில் காலை வாரிவிட்டது என்பது சுருக்கமான பதில். 1869-இல் மெண்டலீவ் தம் அட்டவணையை அமைத்தபோது டெலூரியத்தை அயோடினுக்கு முன்னால் வைத்தார். பண்புகளின்படி அதுவே சரியான இடம். அயோடின் குளோரினுக்கும் புரோமினுக்கும் கீழே வந்தாக வேண்டும். ஆனால் டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. டெலூரியத்தின் எடையைத்தான் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று மெண்டலீவ் கருதினார். அளவீட்டில் தவறு இல்லை. கோபால்ட்டும் நிக்கலும் இதே சிக்கலைக் கொடுத்தன. பின்னர் ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டபோது அதுவும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டன.

அட்டவணையில் ஒரு தனிமத்தின் வரிசை எண்ணே அதன் அணுக்கருவின் மின்சுமையாக இருக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் புரூக். தொழிலால் அவர் இயற்பியலாளரே அல்லர், வழக்கறிஞர். அந்த யோசனைக்குச் சோதனைச் சான்று தந்தவர் ஆங்கிலேயரான ஹென்றி மோஸ்லி. தனிமங்களின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டு, அவை உமிழும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அவர் 1913-இல் அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குச் செல்லும்போது ஒரே அளவில், படிக்கட்டைப்போல, ஏறியது. எடையில் அப்படிப்பட்ட சீர் எதுவும் இல்லை. கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28 என்று அவருடைய கருவி ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. இந்த எக்ஸ் கதிர்கள் உட்கூட்டு எலக்ட்ரான்கள் இடம் மாறும்போது பிறப்பவை. அணுக்கருவுக்கு மிக அருகில் இருப்பதால் அந்த எலக்ட்ரான்கள் அதன் மின்சுமையை ஏறக்குறைய முழுமையாக உணர்கின்றன. புரோட்டானைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மோஸ்லி அதை எண்ணியது எலக்ட்ரானின் வழியாகத்தான்.

அவருடைய வரிசையில் 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருந்தன. 75 ஆன ரேனியம் 1925-இலும், 43 ஆன டெக்னீசியம் 1937-இலும், 61 ஆன புரோமீத்தியம் 1945-இலும் அகப்பட்டன. எதையும் காண மோஸ்லி உயிரோடு இல்லை. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில், கலிப்பொலி போர்க்களத்தில் 27 வயதில் அவர் கொல்லப்பட்டார்.

ஆர்கான் ஏன் பொட்டாசியத்தைவிடக் கனமாக இருக்கிறது என்ற கேள்விக்கான விடை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ஆகவே கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஆர்கானின் அணு எண், அதாவது புரோட்டான் எண்ணிக்கை, 18, பொட்டாசியத்தினுடையது 19. அணு எடைகளோ முறையே 39.95, 39.10. இயற்கையான பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம் 40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு. 125 கோடி ஆண்டு அரை ஆயுளுடன் அது சிதையும்போது, நூற்றில் ஏறத்தாழ 89 அணுக்களில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிக் கால்சியம் 40 உண்டாகிறது. எஞ்சிய 11 அணுக்களில் ஒரு புரோட்டான் நியூட்ரானாகி ஆர்கான் 40 உண்டாகிறது. மூன்றின் நிறை எண்ணும், அதாவது புரோட்டான்கள், நியூட்ரான்களின் கூட்டுத்தொகையும், 40தான். ஆனால் ஒன்று மந்த வாயு, மற்ற இரண்டும் நீருடன் வினைபுரியும் உலோகங்கள். நம் காற்றில் உள்ள ஆர்கான் கிட்டத்தட்ட முழுவதும் பாறைகளில் இருந்த பொட்டாசியம் இப்படிச் சிதைந்து பிறந்தது. விண்மீன்களில் மிகுந்திருப்பது ஆர்கான் 36. பூமிக்கும் அதுவே வாய்த்திருந்தால் ஆர்கானின் அணு எடை 36-ஐ ஒட்டியே இருந்திருக்கும், அங்கே முரண்பாடும் எழுந்திருக்காது. ஒரு கோளின் வரலாற்றைப் பொறுத்து மாறக்கூடிய எடையை ஒரு தனிமத்தின் அடையாளமாகக் கொள்வது எப்படி?

கேள்வி: ஓர் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் எண்ணிக்கையில் சமமாக இருப்பது எதனால்?

பதில்: யாரும் எண்ணி வைப்பதில்லை, மின்விசை அந்த வேலையைச் செய்கிறது. அணுக்கருவின் நேர்மின்சுமை ஈடுசெய்யப்படாத வரையில் அது அருகில் வரும் எலக்ட்ரான்களை ஈர்த்துக்கொண்டே இருக்கும். ஈடாகிவிட்டால் ஈர்ப்பு ஏறத்தாழ நின்றுவிடும். எண்ணிக்கை சமமானால் மின்சுமையும் முழுமையாக நீங்குவதற்குக் காரணம், புரோட்டானின் மின்சுமையும் எலக்ட்ரானின் மின்சுமையும் குறியில் எதிராகவும் அளவில் ஒன்றாகவும் இருப்பதுதான். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தாலும் அது கோடி கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவைத் தாண்டாது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. நிறையில் புரோட்டான் எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமானது என்பதை நினைத்தால் இந்தச் சமநிலை விந்தையாகவே படுகிறது.

கேள்வி: அப்படியானால் நியூட்ரானுக்கு அணுவின் அடையாளத்தில் பங்கே இல்லையா?

பதில்: பெயரில் பங்கில்லை, நிறையிலும் நிலைப்புத்தன்மையிலும் பெரும்பங்கு உண்டு. குளோரின் 35, குளோரின் 37 இரண்டும் ஒரே மாதிரி வினைபுரிகின்றன. 2 நியூட்ரான்களின் வேறுபாட்டை வேதியியல் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஹைட்ரஜன் மட்டும் விலக்கு. ஒற்றைப் புரோட்டானுடன் ஒரு நியூட்ரான் சேர்ந்தாலே நிறை இரு மடங்காகிவிடுவதால், அந்த டியூட்டீரியத்தால் ஆன கனநீர் 3.8 டிகிரி செல்சியஸில் உறைகிறது, 101.4 டிகிரியில் கொதிக்கிறது. தனிப் பெயர் பெற்றிருந்தாலும் டியூட்டீரியம் தனித் தனிமம் அன்று.

கேள்வி: தங்கத்துக்கும் பாதரசத்துக்கும் ஒரு புரோட்டான்தான் வேறுபாடு. ஒன்று மஞ்சள் நிறத் திண்மம், மற்றொன்று வெள்ளி நிறத் திரவம். ஒரே ஒரு புரோட்டான் இவ்வளவும் செய்யுமா? ரசவாதிகள் தேடியதும் அந்த ஒரு புரோட்டானைத்தானா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லலாம், அவர்களுக்கு அது தெரியாது என்றாலும். முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

தங்கத்தில் 79 புரோட்டான்கள். இவ்வளவு வலுவான இழுப்பில் மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 58 சதவீதத்தை எட்டுகிறது. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை கணக்குக்குள் வந்துவிடும்: எலக்ட்ரானின் நிலைமம் கூடுகிறது, அதன் மண்டலம் சுருங்குகிறது. அதே வகையைச் சேர்ந்த வெளிப்புற எலக்ட்ரானும், அதாவது ஆறாவது கூட்டின் எஸ் ஆர்பிட்டாலில் (ஆர்பிட்டால் என்பது ஒரு கூட்டுக்குள் எலக்ட்ரான் உலவும் மண்டலம்; எஸ், டி என்பவை அதன் வகைகள்) உள்ளதும், சேர்ந்து சுருங்குகிறது. இதனால் அதற்கும் அதன் கீழுள்ள ஐந்தாவது கூட்டின் டி ஆர்பிட்டாலுக்கும் இடையேயான ஆற்றல் இடைவெளி குறைகிறது. வெள்ளியில் இத்தகைய இடைவெளி புற ஊதாப் பகுதியில் விழுவதால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் எதிரொளிக்கிறது. தங்கத்திலோ அது நீல ஒளியின் பகுதிக்கு இறங்கிவிடுகிறது; நீலம் உட்கவரப்பட்டு, எஞ்சியது மஞ்சளாகத் தெரிகிறது.

இப்போது எண்பதாவது புரோட்டானைச் சேருங்கள். கூடவே ஓர் எலக்ட்ரானும் வந்து சேரும். தங்கத்தில் ஒற்றையாக இருந்த வெளிப்புற எலக்ட்ரானுக்குப் பாதரசத்தில் இணை கிடைத்து, சுருங்கி இறுகிய அந்த ஆர்பிட்டால் நிரம்பிவிடுகிறது. அந்த இரண்டும் பிணைப்பில் ஈடுபட எளிதில் முன்வருவதில்லை. அணுக்களுக்கிடையே பிடிப்பு தளர்கிறது. தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கும்போது பாதரசம் மைனஸ் 39 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடுவது அதனால்தான். மஞ்சளும் திரவ நிலையும் எலக்ட்ரான்களின் செயல். எலக்ட்ரான்கள் அவ்வாறு அமைந்தது புரோட்டான்களின் செயல்.

பாதரசத்தைத் தங்கமாக்கவும் செய்திருக்கிறார்கள். 1941-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பாதரசத்தின் மீது நியூட்ரான்களை மோதவிட்டுத் தங்கத்தைப் பெற்றார்கள். அது கதிரியக்கத் தங்கம். நாட்கணக்கிலான அரை ஆயுளுடன் சிதைந்து மறுபடியும் பாதரசமாகியது. ஈயத்திலிருந்தும் தங்கம் வந்திருக்கிறது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் எதிரெதிரே பாயும் ஈய அணுக்கருக்கள் மோதாமல் உரசிச் செல்லும்போது, அவற்றின் மின்புலத்தின் தாக்கத்தால் சில அணுக்கருக்கள் 3 புரோட்டான்களை இழக்கின்றன. 82 என்பது 79 ஆகிறது. 2015 முதல் 2018 வரை இப்படி உருவானவை சுமார் 8,600 கோடி தங்க அணுக்கருக்கள் என்று ஆலிஸ் ஆய்வுக் குழு 2025 மே மாதத்தில் அறிவித்தது. எடையாகச் சொன்னால் 29 பிக்கோகிராம். அதுவும் உருவான மறுகணமே சிதறிப்போனது.

கேள்வி: எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாத வெறும் அணுக்கருவைத் தனிமத்தின் பெயரால் அழைக்கலாமா?

பதில்: அழைக்கலாம் என்பதற்கு அழகானதொரு சோதனை சாட்சி. ஆல்ஃபா துகள் என்பது 2 புரோட்டான்களும் 2 நியூட்ரான்களும் மட்டுமே கொண்டது. அது ஹீலியமே என்று காட்ட இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் ஆல்ஃபா துகள்கள் ஊடுருவிச் செல்லும் அளவுக்கு மெல்லிய சுவர் கொண்ட கண்ணாடிக் குழாயில் ஆல்ஃபா துகள்களை உமிழும் ரேடான் வாயுவை அடைத்து, அதை வெற்றிடமாக்கிய மற்றொரு குழாய்க்குள் வைத்தார்கள். வெளிக் குழாயில் சேர்ந்ததை அவ்வப்போது அழுத்தி, மின்சாரம் பாய்ச்சி, நிறமாலையைப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாட்களில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு மங்கலாகத் தெரிந்தது. ஆறு நாட்களில் முக்கியமான கோடுகள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டன. உள்குழாயில் சாதாரண ஹீலியத்தை நிரப்பிச் சுவர் வழியே அது கசியவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார்கள். ஆய்வு 1909-இல் வெளியாயிற்று. எலக்ட்ரான்கள் சுற்றியுள்ள கண்ணாடியிலிருந்தும் உலோகத்திலிருந்தும் வந்து சேர்ந்தவை; எவருடைய எலக்ட்ரான் என்பது பொருட்டே அன்று, அணுக்கருவில் 2 என்ற எண் இருந்தது, ஆகவே ஹீலியம் ஆயிற்று.

எனினும் புதிய தனிமம் ஒன்றை அங்கீகரிக்கும்போது எலக்ட்ரானுக்கும் ஒரு மரியாதை தரப்படுகிறது. அதன் அணுக்கரு குறைந்தது ஒரு வினாடியில் கோடி கோடியில் ஒரு பங்கு நேரமாவது நீடித்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. அணுக்கரு தனக்கான எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ அந்த நேரம் பிடிக்கும்.  ஆனாலும் எலக்ட்ரான் இல்லாதபோதும் பெயர் மாறாததற்கு ஹைட்ரஜனும் சாட்சி: அயனி நிலையில் அது வெறும் புரோட்டான்தான்.

கேள்வி: எலக்ட்ரான்கள் அணுக்கருவின் விஷயத்தில் தலையிடுவதே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. பெரிலியம் 7 என்ற ஐசோடோப்பு 53 நாள் அரை ஆயுளுடன் லித்தியமாக மாறுகிறது. தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களில் ஒன்றை அணுக்கரு கவர்ந்து, ஒரு புரோட்டானை நியூட்ரானாக்கிக்கொள்வதே அதற்கான வழி. எலக்ட்ரான்கள் அனைத்தையும் உரித்துவிட்டால் கவர்வதற்கு ஒன்றுமில்லை. பெரிலியம் பெரிலியமாகவே இருந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது டிஸ்புரோசியம் 163. எலக்ட்ரான்களோடு இருக்கும்வரை அது நிலையானது. 1992-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் அதன் 66 எலக்ட்ரான்களையும் நீக்கி, வெறும் அணுக்கருக்களை வளைய வடிவக் கருவியில் சுற்றவிட்டபோது அவை ஏறத்தாழ 47 நாள் அரை ஆயுளுடன் ஹோல்மியமாக மாறின. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது பிறக்கும் எலக்ட்ரான் வெளியே தப்பிச் செல்லப் போதிய ஆற்றல் அங்கே இல்லை. உட்கூடு காலியாக இருந்தால் அதில் போய் அமர்ந்துகொள்ளலாம். சாதாரண அணுவில் அந்த இடம் நிரம்பியிருப்பதால் மாற்றம் தடைபடுகிறது. அணுக்கருவின் அடையாளத்தை எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலிருந்தே காவல் காக்கின்றன என்பது மிகையில்லை.

பெயரும் நடத்தையும் பிரிந்துபோகும் இடம் ஒன்றும் உண்டு. மியூவான் என்பது எலக்ட்ரானின் மின்சுமையையே கொண்ட, ஆனால் 207 மடங்கு கனமான துகள், 2.2 மைக்ரோ வினாடியில் சிதைந்துவிடும். ஹீலியம் அணுவில் ஓர் எலக்ட்ரானுக்குப் பதிலாக மியூவானை அமர்த்தினால், கனத்தின் காரணமாக அது அணுக்கருவை ஒட்டியே நின்று, ஒரு புரோட்டானின் மின்சுமையை மறைத்துவிடுகிறது. வெளியே நிற்கும் ஒற்றை எலக்ட்ரானுக்கு உள்ளே ஒரே ஒரு நேர்மின்சுமை இருப்பதாகத்தான் தெரியும். 2011-இல் வெளியான கனடா நாட்டுச் சோதனையில், இந்த அணு ஹைட்ரஜன் மூலக்கூறுடன் வினைபுரியும் வேகம், 4.1 நிறை கொண்ட ஹைட்ரஜனுக்குக் கணக்கிட்ட வேகத்தோடு பொருந்தியது. புரோட்டான்களை எண்ணினால் அது ஹீலியம். ஆய்வாளர்களோ அதை ஹைட்ரஜனின் மிகக் கனமான ஐசோடோப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் அவர்கள் அளந்தது வினையின் வேகத்தை. வினையில் ஈடுபடுவது வெளியே நிற்கும் அந்த எலக்ட்ரான்.